மெர்சிடிஸ் நீந்திய கால்வாய், பாண்டியிலிருந்து பார்க்கும் கடல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே கிடக்கும் கடலான ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த ஒரு பெண்ணைப் பற்றிய 'விண்டிகேஷன் ஸ்விம்' (தன்னை நிரூபிக்கும் நீச்சல்) என்ற ஆங்கிலப் படத்தைப் பற்றிப் பாண்டி சினிமா நண்பர்களிடம் பேச்செடுத்த நாளிலிருந்து கேள்விகள் நின்றபாடில்லை. பாதிக் கேள்விகள் படத்தைப் பற்றியவை. மீதி, "இதே மாதிரி ஒன்றை நம்ம கடலில் எடுத்தால் என்ன?" என்பதைப் பற்றியவை. ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லாவற்றையும் இங்கேயே எழுதிவைக்கிறேன். கதையின் முடிவைச் சொல்லிவிட்டேன் என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். 1927-லேயே செய்தித்தாளில் வந்துவிட்ட முடிவு அது.

இது யாருடைய கதை?

மெர்சிடிஸ் கிளைட்சே என்ற பெண்ணின் கதை. 1900-இல் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில், ஜெர்மானியப் பெற்றோருக்குப் பிறந்தவர். லண்டனில் டைப்பிஸ்ட் வேலை. வாரம் முழுக்க அலுவலகம், கிடைத்த நேரமெல்லாம் தண்ணீர். 1927 அக்டோபர் 7-ஆம் தேதி பிரான்சின் கிரி-நே முனையிலிருந்து அதிகாலை 2.55-க்கு இறங்கி, மூடுபனிக்குள் 15 மணி 15 நிமிடம் நீந்தி, மாலையில் இங்கிலாந்துக் கரையில் ஏறினார். அது அவருடைய எட்டாவது முயற்சி. ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த முதல் பிரிட்டிஷ் பெண் அவர்தான்.

படத்தை இயக்கியவர் எலியட் ஹாஸ்லர். அவரும் பிரைட்டன்காரர். மெர்சிடிஸாக நடித்தவர் கிர்ஸ்டன் காலஹன். பெரிய ஸ்டுடியோ எதுவும் பின்னால் இல்லாத சுயாதீனப் படம். 2024-இல் வெளியானது.

கால்வாயை நீந்திய முதல் பெண் அமெரிக்கர் என்று படித்தேனே?

சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். 1926 ஆகஸ்ட் 6-ஆம் தேதி நீந்திய கெர்ட்ரூட் எடர்லேதான் முதல் பெண். அவருக்கு முன்னால் கடந்திருந்தவர்கள் ஐந்தே ஆண்கள். அந்த ஐவரின் நேரத்தையும்விட ஏறத்தாழ இரண்டு மணி நேரம் குறைவாக முடித்தார். அவர் கதையும் 2024-இல்தான், பெரிய நிறுவனத்தின் பணத்தில், தனிப் படமாக வந்தது. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. ஊரே திரண்டு நியூயார்க்கில் வரவேற்பு கொடுத்தால் எடர்லே. நம்ப மறுத்து "மறுபடி நீந்து" என்றால் மெர்சிடிஸ்.

ஒரு முறை கடந்துவிட்டவர் ஏன் மறுபடியும் நீந்த வேண்டும்?

படத்தின் உயிரே இந்தக் கேள்விதான்.

மெர்சிடிஸ் கரையேறி நான்கே நாளில், இன்னொரு பெண் தானும் கால்வாயைக் கடந்துவிட்டதாகச் சொன்னார். 13 மணி சொச்சத்தில், அதாவது மெர்சிடிஸைவிட வேகமாக. அவர் டாரதி காக்ரேன் லோகன், லண்டன் டாக்டர். பத்திரிகை ஒன்று அறிவித்திருந்த ஆயிரம் பவுண்டு பரிசும் அவருக்குக் கிடைத்தது. சில நாள் கழித்து அவரே உண்மையை உடைத்தார். நடுவில் பெரும்பகுதி நேரம் படகில் இருந்திருக்கிறார். "கண்காணிப்பு எவ்வளவு ஓட்டை என்று காட்டத்தான் இப்படிச் செய்தேன்" என்பது அவர் வாதம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார், பொய்ச் சத்தியம் செய்ததற்காக அபராதமும் கட்டினார்.

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்தக் காலத்தில் நீச்சலைப் பதிவுசெய்ய உறுதியான ஏற்பாடு கிடையாது. நீந்தியவரின் சொல், உடன் வந்த படகுக்காரர்களின் சொல், அவ்வளவுதான். கால்வாய் நீச்சலுக்கென்று ஒரு சங்கம் அமைந்ததே அந்த 1927-இல்தான். ஆனால் ஓட்டையைக் காட்டியவர் பெயரைவிட, ஒழுங்காக நீந்தியவர் பெயர்தான் அதிகம் கெட்டது. ஒருத்தி பொய் சொன்னாள் என்றதும் இன்னொருத்தியின் மேல் சந்தேகம் பாய்ந்தது. மெர்சிடிஸ் ஜெர்மானியப் பெற்றோரின் மகள், முதல் உலகப்போர் முடிந்து ஒன்பது வருடம்தான் ஆகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். படம் இந்த இழையை விடாமல் பிடித்துக்கொள்கிறது.

அக்டோபர் 21-ஆம் தேதி, பத்திரிகையாளர்கள் சுற்றிப் படகுகளில் வர, மெர்சிடிஸ் மறுபடி இறங்கினார்.

ஆனால் அந்த இரண்டாவது முறை அவர் கரையேறவில்லையே. பிறகு எப்படி நிரூபணம் ஆகும்?

ஆமாம், ஏறவில்லை. அக்டோபர் பாதிக்கு மேல் கால்வாய் நீச்சலுக்கு ஏற்ற பருவம் முடிந்துவிடும். அன்று தண்ணீர் 14 டிகிரியைத் தாண்டவே இல்லை. பத்து மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடித்தவர் மயங்கும் நிலைக்குப் போக, சில மைல் மீதமிருக்கையில் தூக்கிவிட்டார்கள்.

அந்தக் குளிரில் ஒருவரால் அவ்வளவு நேரம் நீந்த முடிகிறது என்பதைப் படகுகளில் இருந்த அத்தனை பேரும் கண்ணால் பார்த்தார்கள். இரண்டு வாரத்துக்கு முன்னால், இதைவிடச் சற்று நல்ல நிலைமையில், பதினைந்து மணி நேரம் நீந்தியிருக்கிறார் என்பதை அதற்கு மேல் யார் மறுக்க முடியும்? முதல் நீச்சலுக்கு அங்கீகாரம் நிலைத்தது. விளையாட்டுப் படம் என்றால் கடைசியில் கோப்பையைத் தூக்க வேண்டும் என்று பழகிய நமக்கு, தோல்வியில் முடியும் உச்சக்காட்சி முதலில் உறுத்தும். இந்தப் படத்தில் எனக்கு மிகவும் பிடித்ததே அதுதான். முடிவை மாற்ற வேண்டும் என்று இயக்குநருக்குத் தோன்றாமல் போனதற்கு நன்றி.

ரோலெக்ஸ் கடிகாரம் பற்றி ஒரு கதை சொல்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். ஆனால் பாதிப் பேர் தேதியை மாற்றிச் சொல்கிறார்கள். ரோலெக்ஸ் அப்போது தண்ணீர் புகாத 'ஆயிஸ்டர்' கடிகாரத்தைப் புதிதாகக் கொண்டுவந்திருந்தது. அதை மெர்சிடிஸ் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நீந்தியது அக்டோபர் 21-ஆம் தேதி, அதாவது கரையேறாத நீச்சலில். பத்து மணி நேரம் உப்புத் தண்ணீரில் கிடந்த கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. நவம்பர் 24-ஆம் தேதி 'டெய்லி மெயில்' முதல் பக்கத்தில் முழுப்பக்க விளம்பரம். உடம்பு நின்றுபோன இடத்தில் கடிகாரம் நிற்கவில்லை என்று விற்கத் தெரிந்திருக்கிறது அவர்களுக்கு.

படத்தில் எவ்வளவு கற்பனை?

ஓரளவு இருக்கிறது. பொய் சொன்ன டாக்டர் அப்படியே படத்தில் இல்லை. அந்த இடத்தில் ஈடித் கேட் என்ற போட்டிக்காரப் பாத்திரத்தை வைத்திருக்கிறார்கள். பயிற்சியாளரோடு வரும் உரையாடல்களும் திரைக்கதைக்காரரின் வேலை. கரையில் நடக்கும் சில காட்சிகள் கொஞ்சம் மேடை நாடக வாடை அடிக்கும். கடலுக்குள் போனதும் படம் நிமிர்ந்துவிடுகிறது.

சின்ன பட்ஜெட்டில் கடலை எப்படி எடுத்தார்கள்?

கடலுக்கே போய் எடுத்தார்கள். அதுதான் ரகசியம். பெரிய படம் என்றால் ஒரு தொட்டி கட்டி, வெந்நீர் விட்டு, பின்னால் நீலத்திரை மாட்டி, அடிவானத்தைக் கணினியில் வரைந்துவிடுவார்கள். இவர்களிடம் அதற்குப் பணம் இல்லை. ஆகவே கிர்ஸ்டன் காலஹன் பயிற்சி எடுத்து, டூப் போடாமல், குளிர்தாங்கும் ரப்பர் உடை இல்லாமல், அந்தக் காலத்து நீச்சலுடையில் அதே கால்வாயில் நீந்தினார். தோல் சிவந்துபோவதும் பல் கிட்டிப்போவதும் நடிப்பு அல்ல.

கஷ்டம் பலவகை. அலைச் சத்தத்தில் அங்கே பேசும் வசனம் எதுவும் தேறாது. முகத்தில் வெளிச்சம் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் மாறும். காலையில் அமைதியாக இருந்த தண்ணீர் மதியம் நுரைக்கும். ஒரே காட்சியின் இரண்டு ஷாட்டுகளை ஒட்டவே முடியாது. நடிகையைக் குளிர் தாங்கும் நேரத்துக்குமேல் தண்ணீரில் வைத்திருக்கவும் முடியாது. ஒரு காட்சிக்காகப் பல நாள் போக வேண்டும். சம்பளத்துக்கு ஆள் பிடித்த யூனிட்டால் இது ஆகிற காரியம் இல்லை. நல்ல வானிலைக்காகக் காத்திருக்கும் பொறுமை உள்ள சின்னக் கூட்டத்தால்தான் ஆகும்.

இந்த இயக்குநருக்கு அந்தப் பழக்கம் முன்பே உண்டு. பள்ளிக்கூட வயதிலேயே, தன் கொள்ளுத்தாத்தாவின் இரண்டாம் உலகப்போர் அனுபவத்தை முழுநீளப் படமாக எடுத்தவர்.

அவ்வளவு குளிரா? நம்ம பாண்டிக் கடலில் மணிக்கணக்காகக் குளிக்கிறோமே.

நம்ம கடல் 28, 30 டிகிரி. அங்கே கோடையிலேயே 16, 18 தான். காற்றைவிடத் தண்ணீர் உடம்பின் சூட்டைப் பல மடங்கு வேகமாக உறிஞ்சும். முதலில் விரல் மரத்துப்போகும், பிறகு பேச்சு குழறும், அப்புறம் தான் எந்தத் திசையில் போகிறோம் என்பதே புரியாது. அதனால்தான் அந்தக் காலத்தில் உடம்பெங்கும் கொழுப்பைப் பூசிக்கொண்டு இறங்கினார்கள். அதனால் குளிர் குறைந்ததோ இல்லையோ, உப்பில் தோல் உரசிப் புண்ணாவது குறைந்தது.

தூரமும் ஏமாற்றும். கால்வாயின் குறுகலான இடம் சுமார் 33 கிலோமீட்டர். ஆனால் டோவர் பக்கம் ஓதம் ஆறு மீட்டர் வரை ஏறி இறங்கும். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம் நீரோட்டம் திசை மாறி ஆளைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகும். நேர்கோட்டில் யாரும் கடந்ததில்லை. நமக்கு ஓதம் ஒரு மீட்டர் அளவுதான்.

அதற்காக நம்ம கடல் சாது என்று அர்த்தமில்லை. இங்கே நீந்துபவரைப் படுத்துவது வெயில், தாகம், உப்பில் தடித்துப்போகும் நாக்கு, அப்புறம் சொறிமீன் (ஜெல்லி மீன்). கரைப்பக்கம் அலை மடிந்து விழும் வேகம் தனி.

பிறகு மெர்சிடிஸ் என்ன ஆனார்?

1928 ஏப்ரலில் ஜிப்ரால்டர் நீரிணையை நீந்திக் கடந்தார். ஆணோ பெண்ணோ, அதை முதலில் கடந்தவர் அவரே. அப்புறம் பல நாடுகளில் கடல் நீச்சலும், குளத்தில் பல மணி நேரம் இடைவிடாமல் நீந்தும் காட்சி நீச்சலும். சம்பாதித்த பணத்தில் லெஸ்டர் நகரில் வீடற்றவர்களுக்கு இல்லம் ஏற்படுத்தினார். முப்பதுகளில் நீச்சலை விட்டுக் குடும்பத்தோடு ஒதுங்கிவிட்டார். 1981-இல் இறந்தார். பெற்ற பிள்ளைகளுக்கே அம்மா செய்ததெல்லாம் முழுதாகத் தெரியாமல் இருந்திருக்கிறது.

இந்தியாவில் இப்படிப் படமெடுக்க ஒரு பெண் உண்டா?

ஆரதி சாஹா. கல்கத்தாக்காரர். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் நீந்தியபோது அவருக்கு வயது 11. 1959 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயில் முதல் முயற்சி தோற்றது. அடுத்த மாதமே, செப்டம்பர் 29-ஆம் தேதி, 16 மணி 20 நிமிடத்தில் கடந்தார். ஆசியாவிலேயே முதல் பெண். 1960-இல் பத்மஸ்ரீ. முதல் தோல்விக்கும் இரண்டாவது முயற்சிக்கும் இடைப்பட்ட அந்த ஒரு மாதம் போதும், இரண்டு மணி நேரப் படத்துக்கு.

தமிழில் தேடுபவர்கள் பாக் நீரிணைப் பக்கம் போகலாம். 1954-இல் நவரத்தினசாமி நீந்தினார். 1971-இல் வல்வெட்டித்துறை ஆனந்தன் போய்த் திரும்பவும் வந்தார். 1984-இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்றபோது உயிரை விட்டவரும் அவரே. 1994-இல் 12 வயது குற்றாலீஸ்வரன். எல்லோரும் ஆண்கள் என்கிறீர்களா? 2004-இல் புலா சௌத்ரி கடந்தார். 2022-இல் 13 வயது ஜியா ராய் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு 13 மணி 10 நிமிடத்தில் வந்தார்.

பாண்டியில் 1920-களை எடுக்க முடியுமா? பிரெஞ்சுத் தெரு இருக்கிறதே.

தெரு இருக்கிறது. கடற்கரைதான் இல்லை.

இன்று பீச் ரோட்டில் நின்று கேமராவைத் திருப்பினால் கண்ணில் படுவதில் பெரும்பகுதி 1927-இல் கிடையாது. காந்தி சிலை பிறகு வந்தது. பிரெஞ்சுப் போர் நினைவுச்சின்னம் 1938. கரை நெடுகக் கொட்டிக் கிடக்கும் கருங்கல், எண்பதுகளின் கடைசியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் தடுப்புச்சுவர் நீட்டியதன் விளைவு. தெற்கிலிருந்து வரும் மணலை அந்தச் சுவர் பிடித்துக்கொள்ள, வடக்கே கரை அரித்துக்கொண்டே போனது. தலைமைச் செயலகம் எதிரில் செயற்கைப் பாறைத்திட்டு போட்டபிறகு கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான். கப்பல் சரக்கு இறக்கக் கடலுக்குள் நீட்டி 1866-இல் கட்டிய இரும்புப் பாலம் 1952 புயலில் போனது. அறுபதுகளில் கட்டிய பாலத்தின் ஒரு பகுதியும் 2022-இல் சரிந்தது. அன்றும் இன்றும் அப்படியே நிற்பது 1836-இல் விளக்கேற்றிய பழைய கலங்கரை விளக்கம்.

ஆகவே என் யோசனை: தெருக்காட்சிகளைப் பாண்டியில் வையுங்கள், மணலுக்குக் கடலூர் போங்கள். தேவனாம்பட்டினத்தில் நீளமான மணற்கரை இருக்கிறது, பக்கத்திலேயே செயின்ட் டேவிட் கோட்டையின் மிச்சம்.

இதிலேயே ஒரு கதையும் ஒளிந்திருக்கிறது. 1927-இல் கடலூர் இங்கிலீஷ்காரன் ஊர், பாண்டி பிரெஞ்சுக்காரன் ஊர். நடுவில் இருப்பது வெறும் இருபது சொச்சம் கிலோமீட்டர், ஆனால் இரண்டு ராஜ்ஜியம். 1918 நவம்பரில் பாரதியார் பிரெஞ்சு எல்லையைத் தாண்டியதும் பிடித்துக் கடலூர்ச் சிறையில் வைத்தார்களே, அதே எல்லை. ஒரு பெண் தேவனாம்பட்டினத்தில் இறங்கிப் பாண்டி இரும்புப் பாலத்தில் ஏறினால், அவள் நீந்தியதற்குச் சாட்சி சொல்ல வேண்டியது எந்த ஊர் அதிகாரி? மெர்சிடிஸ் கதையின் முள் இதிலும் அப்படியே இருக்கிறது. கற்பனைதான், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் கவனியுங்கள்: தென்மேற்குப் பருவத்தில் நீரோட்டம் வடக்கே போகும், வாடைக்காலத்தில் தெற்கே திரும்பும். கோடையில் நடக்கும் கதை என்றால் கடலூரிலிருந்து பாண்டிக்கு. மாற்றி எழுதினால் வீராம்பட்டினத்தில் ஒரு மீனவத் தாத்தா தியேட்டரில் எழுந்து நின்று சிரிப்பார்.

எந்த மாதத்தில் எடுப்பது நல்லது?

பிப்ரவரி, மார்ச். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, புயல், கலங்கிய தண்ணீர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் கட்டிக்கிடக்கும். படப்பிடிப்புக்குப் படகு கிடைப்பது அப்போது சுலபம் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். மதியத்துக்குமேல் கடற்காற்று எழும்பி எல்லாவற்றையும் ஆட்டிவிடும் என்பதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். எந்த மாதமானாலும் பத்து மணிக்குள் முடித்துக்கொள்வது நல்லது.

இன்னொன்று. நம்ம கடலில் சூரியன் உதிக்கும், மறையாது. மாலை மங்கும் கடல் வேண்டுமென்றால் விடியலில் எடுத்து மாலை என்று சொல்ல வேண்டியதுதான்.

யார் யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

அரசுப் பக்கம் கலெக்டர் அலுவலகத்தில் ஆரம்பியுங்கள். படகில் போவதென்றால் கடலோரக் காவலுக்கும் தெரிந்திருக்க வேண்டும். பாண்டிக்கும் கடலூருக்கும் தனித்தனி, ஏனென்றால் அது யூனியன் பிரதேசம், இது தமிழ்நாடு. ஆனால் காகிதம் எல்லாம் கையில் இருந்தும் கரையில் வேலை நடக்காமல் போகலாம். முதலில் போய்ப் பார்க்க வேண்டியது அந்தக் குப்பத்து ஊர்ப் பஞ்சாயத்தை. வலை போட்டிருக்கும் இடம், படகு இறங்கும் நேரம், யார் வீட்டில் சாவு, எந்த நாள் திருவிழா, எல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். படகும் அதை ஓட்டும் ஆளும் அங்கிருந்தே வரட்டும். இந்தத் தண்ணீரை அவர்களைவிட நன்றாகத் தெரிந்த பாதுகாப்பு ஆள் வேறெங்கும் கிடைக்க மாட்டார்.

நாயகி மீனவக் குடும்பத்துப் பெண்ணாக இருந்தால் இன்னும் இயல்பாக இருக்காதா?

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் இந்தக் கரையில் ஆண்கள் கடலுக்குப் போவார்கள், பெண்கள் மீனை ஏலத்தில் எடுத்துக் கூடையில் சுமந்து விற்கப் போவார்கள். கடலை நம்பியே வீடு நடக்கும், அவள் மட்டும் ஆழத்துக்குப் போனதில்லை. அதைத் தாண்டாமல், "கடல் மகள், அதனால் நீந்துகிறாள்" என்று எழுதினால் கதை அங்கேயே செத்துவிடும். அவள் முதல் தடவை எப்போது, யாருக்குத் தெரியாமல் இறங்கினாள்? ஈரச் சேலையை எங்கே காயவைத்தாள்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்த எழுத்தாளர் துணிந்து எழுதலாம். தெரியாதவர்கள் ஊருக்குள் போய், மீன் வண்டி வந்து ஓய்ந்த நேரத்தில், வயதான பெண்களிடம் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

நடிகைக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பதா, நீச்சல்காரரை நடிக்க வைப்பதா?

நீச்சல் தெரிந்தவரை நடிக்க வையுங்கள். கையின் வீச்சைக் கேமராவிடம் மறைக்க முடியாது.

பாட்டு வைக்கலாமா?

நீந்தும்போது வேண்டாமே.

படத்தைப் பார்த்ததும் கடலில் இறங்கிப் பார்க்க ஆசையாக இருக்கிறது. பீச் ரோட்டில் இறங்கலாமா?

கூடாது. அங்கே கருங்கல்லுக்கும் அலைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் நல்ல நீச்சல்காரருக்கும் தப்பிப்பது கஷ்டம். விடுமுறை நாட்களில் வெளியூர்க்காரர்கள் அடித்துச் செல்லப்படும் செய்தி ஒவ்வொரு வருடமும் வருகிறது. முதலில் குளத்தில் ஒரு மணி நேரம் நிற்காமல் நீந்தப் பழகுங்கள். அப்புறம் கடல். அதுவும் அதிகாலையில், கடல் தெரிந்த பயிற்சியாளரோடு, பக்கத்தில் ஒரு படகு, கண்ணில் படும் நிறத்தில் தொப்பி. திடீரென்று வெளிப்பக்கம் இழுத்தால் எதிர்த்து நீந்தாதீர்கள். கரைக்கு இணையாகக் கொஞ்ச தூரம் நீந்தி, இழுப்பு விட்டதும் கரைக்குத் திரும்புங்கள். இறங்கும் முன் அந்தக் குப்பத்தில் ஒருவரிடம் இன்றைக்குத் தண்ணீர் எப்படி என்று கேளுங்கள். வேண்டாம் என்று சொன்னால் வீட்டுக்குப் போய்விடுங்கள்.